பழைய நாலுகட்டு வீடும் நெற்பத்தாயமும்: புதுப்பித்தலும் பராமரிப்பும்

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியில், உப்பங்கழியை அடுத்து, தாழ்ந்து சரிந்த ஓட்டுக் கூரையுடன் இரண்டடுக்கு மாளிகையொன்று நிற்கிறது. போர்த்துக்கீசியர் 1555-ஆம் ஆண்டளவில் இதனைக் கட்டி, கொச்சி மன்னர் வீர கேரள வர்மருக்கு அளித்தனர். 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் பின்னர் இதனைப் பழுதுபார்த்தமையால், 'டச்சு அரண்மனை' என்ற பெயரே மக்கள் வழக்கில் நிலைத்துவிட்டது. கட்டியவரும் பழுதுபார்த்தவரும் ஐரோப்பியராயினும், உள்ளமைப்பு கேரளத்து நாலுகட்டேயாகும். நடுவே திறந்த முற்றம், அதைச் சுற்றி நான்கு கட்டுகள், பருத்த சுவர்கள், மேலே மர மச்சு, அதற்கும் மேலே செங்குத்தாகச் சரியும் கூரை. ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், கடற்காற்றின் உப்பும் சேர்ந்து தாக்கும் இடத்தில், இக்கட்டடம் நான்கரை நூற்றாண்டுகளுக்கு மேலாக நிற்கிறது.

இந்த அரண்மனைக்கு இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறையின் காவல் உண்டு. ஆனால் இதே அமைப்பில், இதே கல்லாலும் மரத்தாலும், கொச்சியைச் சுற்றிய சிற்றூர்களில் எழுப்பப்பட்ட உழவர் குடும்ப வீடுகளுக்கு அத்தகைய காவல் இல்லை. அவற்றைக் காக்க வேண்டியவர் அவற்றில் வாழ்பவரே. களப்பணியாளரும் ஆசிரியரும் இத்தகைய வீடுகளுக்குச் செல்லும்போது, "சுவர் பொரிந்து உதிர்கிறதே, சிமெண்டு பூசிவிடலாமா?" என்ற வினாவை அடிக்கடி எதிர்கொள்வர். வேண்டாம் என்பதே விடை. அதற்கான காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் முதல் நோக்கம். பழைய வீடுகள் பல, முதுமையால் அழிந்ததைவிட நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட தவறான பழுதுபார்ப்பால் அழிந்தவையே மிகுதி.

வீடும் வயலும்

கொச்சி, பறவூர், வைப்பின் பகுதிகளின் தாழ்நிலங்களில் பொக்காளி என்னும் உவர்தாங்கும் நெல் விளைகிறது. மழைக்காலத்தில் உப்பு கழுவப்பட்ட வயலில் ஜூன் முதல் அக்டோபர் வரை நெல்லும், நீர் மீண்டும் உவர்ப்பாகும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை இறாலும் என மாறி மாறிப் பயன் தரும் நிலம் அது. மழையின் கடைசி நாட்களில் அறுவடையாகும் நெல்லை ஈரக்காற்றிலிருந்து காப்பது எளிதன்று. ஆகவே இப்பகுதியின் பழைய வீடுகளில் பத்தாயம் ஒரு துணைப்பொருளாக இல்லாமல் வீட்டின் மையமாகவே அமைந்தது. வசதி மிக்க குடும்பங்கள் பத்தாயப்புரை எனத் தனிக் கட்டடமே எழுப்பின. தெற்கே மத்திய திருவிதாங்கூரில் 'அறையும் நிரையும்' என வழங்கிய வீடுகளில், பலகைகளால் அமைந்த நெல்லறையைச் சுற்றித்தான் வீடே கட்டப்பட்டது.

இவ்வகைக் கட்டடத்தை நேரில் காண விரும்புவோர் சேந்தமங்கலத்திற்குச் செல்லலாம். கொச்சி மன்னரின் தலைமை அமைச்சர்களாக இருந்த பாலியத்து அச்சன் குடும்பத்தின் நாலுகட்டு அங்கே இருக்கிறது. முசிறிஸ் பாரம்பரியத் திட்டத்தின்கீழ் அது செப்பனிடப்பட்டு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டுள்ளது. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவின் பழைய பண்டகசாலைகளும் (மலையாளத்தில் 'பாண்டிகசால' என்பர்) நெல்லும் மிளகும் இஞ்சியும் காப்பதற்கென இதே பொருள்களால் எழுந்தவையே.

கல்லின் இயல்பு

இவ்வீடுகளின் சுவர் செம்புரைக்கல்லால் ஆனது. மலையாளத்தில் இதனை வெட்டுகல் என்பர். 1800-ஆம் ஆண்டில் மலபாரில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், அங்காடிப்புறத்தில் மக்கள் இதனைக் கோடரியால் செங்கல்போல் வெட்டியெடுப்பதைக் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 'லாட்டரைட்' என்ற பெயரை அமைத்தார். 1807-இல் வெளியான அவருடைய நூலின் வாயிலாக அப்பெயர் உலகெங்கும் பரவியது. அங்காடிப்புறத்தில் இன்று இதற்கொரு நினைவுச் சின்னமும் உண்டு.

நிலத்தடியில் இக்கல் மென்மையாக இருக்கும். வெட்டியெடுத்து வெயிலிலும் காற்றிலும் வைத்தால், அதிலுள்ள இரும்புச் சேர்மங்கள் உலர்ந்து இறுகுவதால் கடினமாகும். எனினும் அதன் உடலெங்கும் நுண்துளைகள் நிறைந்திருக்கும். கடற்பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல் இச்சுவரும் அடியிலிருந்து நீரை உறிஞ்சி மேலேற்றும். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதும் இந்த விதியாலேயே. பழைய தச்சரும் கொத்தனாரும் இதனை நன்கறிந்திருந்தனர். அவர்கள் நீரை முற்றிலும் தடுக்க முயலவில்லை; ஏறிய நீர் எளிதில் வெளியேறுமாறு செய்தனர். சுவரின் இருபுறமும் சுண்ணாம்புப் பூச்சு. அது நீராவியைத் தடையின்றி வெளிவிடும். மழைக்காலத்தில் நனையும் சுவர், வேனிலில் தன் ஈரத்தையெல்லாம் மூச்சுவிடுவதுபோல் விட்டுவிடும்.

இதனை வகுப்பறையில் காட்டுவது எளிது. செம்புரைக்கல் துண்டொன்றையோ செங்கல்லையோ மைகலந்த நீர் ஒரு விரற்கடை ஆழமுள்ள தட்டில் நிறுத்துக. சில மணி நேரத்தில் மை எவ்வளவு உயரம் ஏறுகிறதென அளக்கலாம். அடுத்து, அதே அளவான இன்னொரு கல்லின் பக்கங்களில் மெழுகு பூசி, அதனையும் அவ்வாறே நிறுத்துக. பக்கங்களின் வழியே நீர் ஆவியாக முடியாமையால் இக்கல்லில் ஈரம் இன்னும் உயரே ஏறும். சிமெண்டு பூசிய சுவரின் கதையும் இதுவேயாகும்.

சுண்ணாம்பும் சிமெண்டும்

சுண்ணாம்பின் இரசாயனம் தமிழ்நாட்டு மாணவர்க்குப் புதிதன்று. செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடிபோன்ற பூச்சைக் கண்டவர்களுக்கு அதன் திறமும் புதிதன்று. கொச்சிப் பகுதியில் சுண்ணாம்புக்கு மூலப்பொருள் வேம்பநாட்டுக் காயலின் கிளிஞ்சல். கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட்டு. ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால் கரியமிலவாயு வெளியேறி நீற்றாத சுண்ணாம்பு எஞ்சும். நீர் ஊற்றினால் அது கொதித்து நீறும். அந்த நீறு, பூச்சாகச் சுவரில் ஏறியபின், காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக மாறி இறுகும். சூளையில் இழந்ததைச் சுவரில் திரும்பப் பெறுகிறது எனலாம். தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழல்வழியே ஊதினால் பால்போல் வெளுப்பதும் இம்மாற்றமே.

இம்மாற்றம் மெதுவாக நிகழ்வதால்தான் சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். நீற்றிய சுண்ணாம்பை நீரின்கீழ் பல வாரங்கள், இயலுமாயின் பல மாதங்கள், ஊறவிட வேண்டும். நீறாத சிறு கட்டிகள் எஞ்சினால், பூசிய பின்னர் அவை நீறிப் பருத்துப் பூச்சில் கொப்புளங்களை உண்டாக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக் குழம்புக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல் என்பது பொதுவான அளவு. கடல் மணல் ஒருபோதும் கூடாது. அது உப்பை வீட்டுக்குள் அழைத்து வருவதாகும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் சேர்ப்பது பழைய வழக்கம். ஒவ்வொரு பூச்சும் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மிகாமல் இருத்தல் நலம். பூசியபின் ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமேனும் நிழலில் காக்க வேண்டும். விரைவில் காய்ந்தால் வாயுவை ஏற்காமலேயே பூச்சு பொடியாகிவிடும்.

போர்ட்லண்டு சிமெண்டுக்கு 1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் உரிமம் பெற்றார். பாலத்துக்கும் அணைக்கும் அது ஒப்பற்ற பொருள் என்பதில் ஐயமில்லை. ஆயின் செம்புரைக்கல் சுவரின்மேல் அது பூசப்படும்போது மூன்று தீங்குகள் நேர்கின்றன. கல்லைவிட அது கடினமானது. வெயிலில் விரிந்து சுருங்கும்போது கல்லோடு ஒத்துப்போகாமல் மயிரிழைபோல் வெடிக்கும். அவ்வெடிப்பின் வழியே மழைநீர் உட்புகும். உட்புகுந்த நீரும் அடியிலிருந்து ஏறிய நீரும் வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளேயே தங்கும். மூன்றாவதே கொடியது. கொச்சியின் நிலத்தடி நீரில் உப்பு உண்டு. சிமெண்டிலும் கரையும் உப்புகள் உண்டு. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகும். படிகமாகும்போது பெருக்கமடைந்து சுற்றிலுமுள்ள துளைகளைப் பிளக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் இப்போர் பூச்சின் மேற்பரப்பில் நடக்கும். பூச்சு உதிரும், சுவர் பிழைக்கும். சிமெண்டு இருந்தால் அது பூச்சின் பின்னே, கல்லுக்குள்ளேயே நடக்கும். பத்தாண்டு கழித்துச் சிமெண்டுப் பலகைபோல் பெயர்ந்து விழும்போது, அதனோடு கல்லின் முகமும் மாவாய் வந்துவிடும்.

சுண்ணாம்புப் பூச்சு உதிர்வதைக் கண்டு வீட்டார் வருந்துவது இயல்பே. அது தன் கடமையைச் செய்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். அது சுவருக்காகத் தன்னைத் தேய்த்துக்கொள்ளும் பொருள். சில ஆண்டுகளுக்கொருமுறை அடிப்பகுதியில் மட்டும் மாற்றினால் போதும். ரப்பர்போன்ற படலம் உண்டாக்கும் பிளாஸ்டிக் வண்ணங்களும் சிமெண்டைப் போன்றே தீங்கானவை. ஆண்டுக்கொருமுறை வெள்ளையடிப்பதே சாலச் சிறந்தது; செலவும் குறைவு.

சுவரில் முன்னமே சிமெண்டு ஏறிவிட்டிருந்தால் உடனே முழுவதையும் கொத்தி எடுக்க முற்படுதல் கூடாது. கல்லோடு இறுகப் பற்றிய இடத்தில் கொத்தினால் கல்லே பெயரும். தட்டிப் பார்த்தால் வெற்றொலி எழும் இடங்களை முதலில் நீக்குக. எஞ்சியது தானே தளரும் காலம் வரும்.

சுவரின் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் முதலில் தேர்ந்து அறிதல் வேண்டும். கையளவு அலுமினியத் தகட்டுத்தாள் ஒன்றைச் சுவரில் நாற்புறமும் ஒட்டி இரண்டு நாள் விட்டுவைக்கலாம். தாளின் பின்புறம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருவது. முன்புறம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்து படிவது. முன்னதற்கு வடிகால் மருந்து. பின்னதற்குச் சன்னல் மருந்து. வீட்டைச் சுற்றி மண் உயர்ந்து, முன்னோர் அமைத்த குறட்டை மூடியிருப்பதும் பல இடங்களில் காணும் காரணம். நூறாண்டுகளில் குப்பையும் மண்ணும் சேர்ந்து முற்றம் அரை முழம் உயர்ந்துவிட, அடித்தளம் நிலத்துக்குள் இறங்கிவிடுகிறது. அம்மண்ணை வெட்டி அகற்றி நீர் விலகி ஓடுமாறு சரிவு அமைத்தாலே, விலையுயர்ந்த இரசாயனங்கள் செய்யாத நன்மை விளையும்.

கூரை

மேற்கடற்கரையின் பழைய கூரைகள் ஓலையும் நாட்டு ஓடும் கொண்டவை. 1865-இல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவிய பின்னரே, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் தட்டையோடு பரவலாயிற்று. இவ்வோடு நெடுங்காலம் உழைக்கும். உடைவது பெரும்பாலும் தேங்காய் விழுவதாலும், பழுதுபார்க்க ஏறியவரின் காலாலும்தான்.

நாலுகட்டின் கூரையில் கண்காணிக்க வேண்டிய இடம் கூடல்வாய். முற்றத்தை நோக்கிச் சரியும் இரு கூரைகள் மூலையில் சந்திக்கும் அவ்விடத்தில் இரு சரிவின் நீரும் ஒன்றுசேரும். மாவிலையோ பலா இலையோ அங்கே அடைத்தால் நீர் பின்னேறி ஓட்டின் அடியில் புகுந்துவிடும். வீட்டின் நான்கு உள்மூலைகளிலும் உத்தரங்கள் முதலில் மக்குவது இதனாலேயே. கூடல்வாய்த் தகடு இரும்பாயின் உப்புக்காற்றில் விரைவில் துருவேறும். செம்புத் தகடு விலை மிகுதியாயினும் ஒருமுறைச் செலவு. ஓட்டைக் கழற்றி மாற்றும்போது பழைய ஓடுகளைப் பிரித்து வைத்து, தட்டினால் மணியோசை தருபவற்றை மீண்டும் பயன்படுத்துக. இரண்டு தொழிற்சாலைகளின் ஓடுகள் பூட்டுவாயில் பொருந்தா. எனவே புதியவற்றைக் கூரையின் ஒரே சரிவில் ஒன்றாக இடுவதே முறை.

இன்னொன்று கூறவேண்டும். முன்னாளில் அடுப்புப் புகை நாள்தோறும் மச்சுக்கு மேல் பரவி மரத்தை உலர வைத்தது, பூச்சிகளையும் விரட்டியது. எரிவாயு அடுப்பு வந்தபின் வீட்டுப் பெண்களின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் பெரும் நன்மை கிட்டியது. கூரை மரத்துக்கோ அந்தப் பாதுகாப்பு போயிற்று. ஆகவே முகட்டின் இரு முகப்புகளிலுமுள்ள காற்றுத் துளைகளை வௌவாலுக்கு அஞ்சிப் பலகையால் அடைத்துவிடக் கூடாது. நெருக்கமான கம்பிவலை இட்டால் போதும்.

மரம்

உத்தரத்துக்குத் தேக்கும், பலகைக்கு அயினியும் பலாவும் இவ்வீடுகளில் மிகுதியாகக் காணப்படும். மரத்துக்கு வரும் கேடுகளை மூவகையாகப் பிரித்தறிதல் வேண்டும். மூன்றுக்கும் ஒரே மருந்தைத் தெளிப்பது வீண்செலவு. மரம் மென்மையாகிக் கனசதுரத் துண்டுகளாகப் பிளந்தால் அது பூஞ்சைக் காளானால் மக்குவது. சிறு துளைகளும் கீழே மாவுபோன்ற பொடியும் இருந்தால் வண்டு அரித்த உளுப்பு. மண்ணால் ஆன குழாய் சுவரில் ஏறியிருந்தால் கறையான்.

காளானைப் பொறுத்தவரை விஞ்ஞானம் ஓர் எளிய விதியைத் தருகிறது. மரத்தின் உலர்ந்த எடையில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக இருக்கும்வரை மக்கச் செய்யும் காளான் அதில் வளர இயலாது. நீர் ஒழுகுவதை நிறுத்தி, காற்றுபடச் செய்தால் நோய் தானே நிற்கும். கைமரத்தின் நுனி மட்டும் மக்கியிருப்பின் முழு மரத்தையும் எறிய வேண்டுவதில்லை. நலமுள்ள பகுதிவரை சாய்வாக அறுத்து, அதே சாதியைச் சேர்ந்த உலர்ந்த மரத்தைப் பொருத்தி மர ஆணியால் முடுக்கலாம். இரும்பாணி உப்புக்காற்றில் துருவேறிப் பருத்து மரத்தையே பிளக்கும் என்பதை மறவற்க. புதிய துண்டு புதியதென்று தெரிந்தால் குறையில்லை. பழைமையையும் புதுமையையும் பிரித்தறியுமாறு செய்வதே 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் முதற்கொண்டு உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி.

மரக்காப்பு மருந்துகளில் நம் நாட்டின் பங்கு பெரிது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசம் 1933-இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் உப்புகளைச் சேர்த்துக் கண்டுபிடித்த மருந்து, 'ஆஸ்கு' என்ற பெயரில் உலகெங்கும் தந்திக் கம்பங்களையும் வேலிகளையும் காத்தது. ஆயின் ஆர்சனிக் நஞ்சென்பதால், வீட்டுப் பயன்பாட்டுக்கான மரத்தில் அதனை இடுவது அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் முடிவோடு நிறுத்தப்பட்டது. வாழும் வீட்டின் உட்புறத்துக்கு வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலே இன்று ஏற்றது. அது மரத்துக்குள் மெல்லப் பரவும். எனினும் மழையில் கரைந்துவிடுமாதலால் வெளிமரத்துக்கு உதவாது. வெளிமரத்துக்கு முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பூசுவது இப்பகுதியின் பழைய வழக்கம். அது தோலில் பட்டால் புண்ணாகுமாதலால் கையுறை இன்றித் தொடலாகாது.

கறையானுக்கு மருந்திடுமுன் கிணற்றைப் பார்க்க வேண்டும். கேரள வீடுகளில் கிணறு பெரும்பாலும் சமையலறையை ஒட்டியே அமைந்திருக்கும். மண்ணுக்குள் செலுத்தும் மருந்து மணற்பாங்கான நிலத்தில் எளிதில் கிணற்றை அடையும். முன்பு வழங்கிய ஆல்டிரின், குளோர்டேன் ஆகியவை நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டன. பழைய புட்டி எங்கேனும் பரணில் இருந்தால் அதனைப் பயன்படுத்த விடாதீர்கள். உரிமம் பெற்றவரைக் கொண்டே மருந்திடச் செய்க. கிணற்றருகே மண் குழாய்களைச் சுரண்டி நீக்கி, வாரந்தோறும் பார்வையிடுவதோடு நிறுத்துவதே பாதுகாப்பு.

பத்தாயம்

பத்தாயத்தின் பொறியியல் வியக்கத்தக்கது. பலகைகள் ஆணியின்றி வரிப்பள்ளங்களில் இறங்கி ஒன்றையொன்று பற்றும். கால்களோ கட்டைகளோ அதனைத் தரையிலிருந்து உயர்த்தி நிறுத்தும். அடியில் காற்று ஓடும். எலி வளை தோண்ட மறைவிடம் இராது. கறையான் ஏறினால் கண்ணுக்குப் புலப்படும். அந்த அடிவெளியில் உடைந்த நாற்காலியும் பழைய சாக்கும் திணிப்பதே இன்று பல வீடுகளில் பத்தாயத்தின் முதற்கேடு.

நெல்லின் ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கு மிகாதவரை அது கெடாது. நெடுநாள் சேமிக்க 13 பங்கோ அதற்கும் குறைவோ நலம். காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதம் உள்ள இடத்தில் நெல் ஏறத்தாழ இந்த 14 பங்கில் வந்து நிற்கும். கொச்சியின் மழைக்காலக் காற்றோ 85 சதவிகிதத்தையும் கடக்கும். அப்படியாயின் பத்தாயத்து நெல் எவ்வாறு பிழைக்கிறது? தடித்த பலகை ஈரத்தைத் தான் ஏற்று, வறண்ட நாளில் திருப்பிவிடுகிறது. பெருங்குவியலாக உள்ள நெல்லின் உட்பகுதிக்கு வெளிக்காற்று எளிதில் எட்டுவதுமில்லை. எனவே பத்தாயத்தின் உட்புறத்தில் வார்னிஷோ வண்ணமோ பூசினால் மரத்தின் இப்பண்பு அழிந்துவிடும். உணவுப்பொருள் சேருமிடமாதலால் உட்புறத்தில் மரக்காப்பு மருந்தும் கூடாது. காலியானவுடன் பலகைகளைக் கழற்றி வெயிலில் இட்டு, வரிப்பள்ளங்களிலுள்ள பழைய மணிகளைத் துடைத்தெடுப்பதும், வேப்பிலையோ நொச்சியிலையோ இடுவதும் போதும். அந்துப்பூச்சியும் வண்டும் ஆண்டுக்காண்டு தொடர்வது அந்தப் பள்ளங்களில் எஞ்சும் ஒரு பிடி நெல்லால்தான்.

வெள்ளத்துக்குப் பின்

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பறவூர்ப் பகுதி முழுவதும் நீரில் ஆழ்ந்தது. சேந்தமங்கலத்து நெசவாளரின் தறிகள் அழிந்த செய்தி நாடறிந்தது. வெள்ளத்தில் நின்ற பழைய வீட்டைக் கையாளும் முறையைக் களப்பணியாளர் அறிந்திருத்தல் இன்றியமையாதது. நீர் வடிந்தவுடன் சேற்றை அகற்றி, எல்லாக் கதவுகளையும் சன்னல்களையும் திறந்துவிடுக. விரைவில் உலர்த்தும் நோக்கில் சூடேற்றினால் பலகைகள் முறுக்கிக்கொள்ளும். உப்பும் மேற்பரப்பில் திரளும். பருத்த செம்புரைக்கல் சுவர் முற்றிலும் உலர ஒரு வேனில் முழுவதும் வேண்டும். அதற்குமுன் பூச்சிடுதல் ஈரத்தைச் சிறைவைப்பதாகும். நிவாரணப் பணத்தை ஆண்டு முடிவுக்குள் செலவிட வேண்டுமென்னும் அவசரத்தில் ஈரச்சுவர்மேல் சிமெண்டு ஏறுவது பேரிடருக்குப்பின் வரும் இரண்டாம் பேரிடர்.

ஆளில்லா வீடு

இவ்வீடுகள் குறைந்து வருவதற்குக் கல்லும் மரமும் மட்டும் காரணமல்ல. 1970 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தத்தால் குத்தகை நிலம் உழுதவர்க்குச் சேர்ந்தது. அது நியாயமே, ஆயினும் பாட்ட நெல் நின்றதும் பெரிய பத்தாயங்கள் வெறுமையாயின. கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் 1976 டிசம்பர் முதல் செயற்பட, ஒரே வீட்டுக்குப் பற்பல உரிமையாளர் ஆயினர். பலர் உரிமை கொண்ட கூரையில் உடைந்த ஓட்டை மாற்றுவது யார் பொறுப்பு? வழக்கு முடியும்வரை பூட்டிய வீடு, நான்கைந்து மழைக்காலங்களில் தானே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. மரத்துக்கென விலைபேசிப் பிரிக்கப்பட்ட வீடுகளும் மிகப்பல.

பிரித்தெடுக்கும் வசதி மறுபக்கம் நன்மையாகவும் அமைந்ததுண்டு. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவில், கேரளத்தில் பிரித்துக் கொணர்ந்த வீடுகள் துண்டுக்குத் துண்டு மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டில் நெல்லறைக்கு அளித்த முதன்மையை மாணவர் நேரில் காணலாம். எனினும் இடம்பெயர்த்தல் கடைசி வழியே. கொச்சியில் 2012 முதல் நடைபெறும் கலைக் கண்காட்சிக்காகப் பழைய பண்டகசாலைகள் சில திறக்கப்பட்டபோது, பயன்பாடு வந்தவுடன் கூரைக்கும் கவனம் வந்ததை ஊரார் கண்டனர். சிற்றூரில் அத்தகைய பெருவிழா வேண்டுவதில்லை. மாலைப் பள்ளியோ, நூலகமோ, விதைநெல் சேமிப்போ நாலுகட்டின் ஒரு கட்டில் நடந்தால் போதும். யாரேனும் ஒருவர் நாள்தோறும் சன்னலைத் திறப்பார்.

ஆண்டு வேலை

1877-இல் இலண்டனில் வில்லியம் மோரிஸ் முன்னின்று தொடங்கிய பழங்கட்டடக் காப்புச் சங்கம், பெரும் புதுப்பித்தலைவிட அன்றாடப் பராமரிப்பையே வலியுறுத்தியது. நம் வீட்டுப் பெரியோர்களும் அதனையே செய்துவந்தனர். அதற்கு அவர்கள் ஒரு பெயர் வைக்கவில்லை. கொச்சிப் பகுதிக்கு அவ்வாண்டு வேலை இவ்வாறு அமையும். மழை ஓய்ந்து காற்று வறளும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சுண்ணாம்பு வேலைக்கு உரிய காலம். மார்ச்சில் மரங்களைச் சோதிக்கலாம். பேனாக்கத்தியின் முனை எளிதில் இறங்கும் இடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிடுக. ஏப்ரலில் பத்தாயப் பலகைகள் வெயில் காணட்டும். மே மாதத்தில் ஓடுகளைத் திருத்தி, கூடல்வாய்களையும் முற்றத்து வடிகாலையும் துடைத்து, கூரைமேல் கவிந்த கிளைகளைக் கழிக்க வேண்டும். ஜூனில் முதற் பெருமழையின்போது குடையுடன் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தால், நீர் எங்கே சொட்டுகிறது, எங்கே தேங்குகிறது, எந்தச் சுவரில் தெறிக்கிறது என்பதெல்லாம் அரைமணி நேரத்தில் புலப்படும். பலகைமேல் ஏறி அளவெடுப்பதைவிட இது பயனுள்ள ஆய்வு.

கண்டவற்றை ஒரு குறிப்பேட்டில் நாளிட்டு எழுதி, அதனைப் பத்தாயத்தின் அருகிலேயே தொங்கவிடுமாறு வீட்டாரிடம் கூறுக. மாற்றிய கைமரம் எது, வாங்கிய சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது, கொத்தனாரும் தச்சரும் எவர், மருந்திட்டது எந்த நாள் என்பன அதில் இருத்தல் வேண்டும். பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் அதன் படியொன்றை அனுப்பினால், செலவைப் பகிரும் பேச்சும் எளிதாகும்.